பாலை மீண்டும் பழக்குவதற்கான பிஸ்கட்டும் மஃபினும்

பசும்பால் ஒவ்வாமையால் பல மாதங்கள் பாலை விலக்கி வைத்திருந்த குழந்தைக்கு அதை மீண்டும் பழக்குவதற்கு, பிரிட்டனில் ‘பால் ஏணி’ என்ற முறையை மருத்துவர்களும் உணவியலாளர்களும் கையாளுகிறார்கள். மாவோடு கலந்து நன்றாகச் சுட்ட பிஸ்கட்டில் தொடங்கி, மஃபின், பான்கேக், சீஸ், தயிர் என்று ஏறிக் கடைசியில் பாலுக்கு வருவது அதன் வரிசை.

இதை எல்லாக் குழந்தைக்கும் வீட்டில் செய்துவிட முடியாது. பால் பட்ட சில நிமிடங்களிலோ இரண்டு மணி நேரத்துக்குள்ளோ தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் போன்றவை வந்த குழந்தைக்கும், பால் குடித்த சில மணி நேரத்தில் தொடர் வாந்தி எடுத்துத் துவண்டுபோன குழந்தைக்கும், ஆஸ்துமா உள்ள குழந்தைக்கும் இந்தச் சோதனையை எங்கே, எப்படிச் செய்வது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். வயிற்றுப்போக்கு, மலத்தில் சளி, தோல் அரிப்பு என்று தாமதமாகவும் மிதமாகவும் அறிகுறிகள் வந்த குழந்தைகளுக்குத்தான் வீட்டு ஏணி உரியது. அவர்களுக்கும் மருத்துவரின் ஒப்புதல் பெற்ற பிறகே அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும்.

பால் திரிந்தால் பிரியும் தெளிநீரில் உள்ள மோர்ப்புரதங்கள் சூட்டில் உருக்குலைந்துவிடும். கேசீன் என்ற புரதமோ சூட்டுக்கு அவ்வளவு எளிதில் அசையாது. ஆனால் கோதுமை மாவோடு சேர்ந்து வேகும்போது பால் புரதங்கள் மாவின் பிணைப்புக்குள் சிக்கிக்கொள்வதால், குழந்தையின் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு அவை முன்போல எளிதில் எட்டுவதில்லை. ஆகவே, ‘நன்றாகக் காய்ச்சிய பால்தானே’ என்று பாயசத்தில் தொடங்குவது ஏணியின் முதல் படி ஆகாது. கோதுமைக்குப் பதிலாக ராகி மாவையோ அரிசி மாவையோ வைத்துச் சுடுவதும் அதே பலனைத் தரும் என்று கொள்ளக் கூடாது. கோதுமையும் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு மாற்றுவழியை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். ஆட்டுப்பால் கொண்டு தொடங்கலாம் என்று சொல்லும் உறவினர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். பசும்பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்வதில்லை. நாட்டு மாட்டுப் பால் என்று விற்கப்படும் ஏ2 பாலிலும் ஒவ்வாமை தரும் புரதங்கள் இருக்கின்றன.

முதல் படியான பிஸ்கட்டுக்கு 125 கிராம் மைதா, 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர், 45 மில்லிலிட்டர் வாசனையற்ற எண்ணெய், நன்றாக மசித்த வாழைப்பழம் 50 கிராம் ஆகியவை போதும். வெண்ணெயும் நெய்யும் கூடாது, ஏனெனில் அவற்றிலும் பால் புரதம் உண்டு; வெண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பான மார்கரின் வாங்கினால் உறையில் பால் பொருள்கள் இல்லை என்பதைப் படித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். முட்டை ஒவ்வாமையும் சேர்ந்திருக்கும் குழந்தைகள் பலர் என்பதால் முட்டையைத் தவிர்த்திருக்கிறேன். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு இனிப்புக்காகத் தேன் சேர்ப்பது ஆபத்து. சர்க்கரையும் தேவையில்லை, பழத்தின் இனிப்பே போதும்.

இந்தச் சமையலில் கை அளவு உதவாது. வீட்டுக்கு வீடு தேக்கரண்டி மாறும். ஒரு கிராம் வித்தியாசத்தையும் காட்டும் சிறிய எடைக்கருவியில் பால் பவுடரை நிறுத்துக்கொண்டு, மைதாவோடு சேர்த்து மூன்று முறை சலிக்க வேண்டும். சலிக்காவிட்டால் ஒரு பிஸ்கட்டில் பவுடர் கட்டியாகவும் இன்னொன்றில் ஒன்றுமே இல்லாமலும் போகும், அப்புறம் குழந்தைக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதே தெரியாது. பிறகு எண்ணெயையும் பழத்தையும் சேர்த்துப் பிசைந்து, மாவு முழுவதையும் எடை பார்த்து 20 சம உருண்டைகளாக்கி, விரல் வடிவில் தட்டி, முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் 12 முதல் 15 நிமிடம் வரை, நடுப்பகுதியும் காயும்படி சுட வேண்டும். ஐந்து கிராம் பவுடரில் ஏறக்குறைய 1.75 கிராம் புரதம் இருப்பதால் ஒரு பிஸ்கட்டுக்கு அது 0.09 கிராம் அளவில் வரும். கடையில் வாங்கும் பால் பிஸ்கட்டில் இந்தக் கணக்கை நாம் அறிய வழியில்லை. மிஞ்சியதைக் காற்றுப்புகாத டப்பாவில் ஃப்ரீசரில் வைத்தால் பின்வரும் நாள்களிலும் அதே அளவைத் தரலாம்.

மஃபினுக்கு 250 கிராம் மைதா, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், 250 மில்லிலிட்டர் பால், 50 மில்லிலிட்டர் எண்ணெய், மசித்த ஆப்பிள் 100 கிராம் எடுத்துக் கலந்து, பத்துக் கிண்ணங்களில் சமமாக ஊற்றி, அதே சூட்டில் 20 முதல் 25 நிமிடம் சுட வேண்டும். ஒன்றில் சுமார் 0.8 கிராம் புரதம் வருகிறது. அதாவது பிஸ்கட்டைப் போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு. இந்தத் தாவலைக் கருதி, முழு மஃபினையும் முதல் நாளே கொடுக்காமல் சிறு துண்டில் தொடங்க வேண்டும். நடுவில் குச்சி விட்டால் ஈரமாக வரும் மஃபினைக் குழந்தைக்குத் தரக் கூடாது, ஏனெனில் வேகாத நடுப்பகுதி ஏணியின் மேல்படிக்குச் சமம். பான்கேக்கில் பாலின் அளவும் கூடும், வேகும் நேரமும் குறையும். ஆகவே அது மூன்றாவதாக வருகிறது.

காய்ச்சலோ வயிற்றுக் கோளாறோ தோல் அரிப்பின் சீற்றமோ இருக்கும்போது புதிய படியைத் தொடங்கக் கூடாது. அன்று வேறு புதிய உணவும் வேண்டாம். காலையில் கொடுத்தால் பகல் முழுவதும் குழந்தையைக் கவனிக்கலாம். தாமதமான அறிகுறிகள் இரண்டு மூன்று நாள்கள் கழித்தும் தலைகாட்டலாம் என்பதால், கொடுத்த அளவையும் மலம், தோல், தூக்கம் ஆகியவற்றின் நிலையையும் குறித்து வைக்க வேண்டும். எந்தப் படியில் எத்தனை நாள் நிற்பது என்பதை உணவியலாளர் சொல்வார். ஒரு படி ஒத்துக்கொண்டால் அந்த உணவை நிறுத்திவிடாமல் தொடர்ந்து தர வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் முன்பு நிலைத்திருந்த படிக்கு இறங்கி, மருத்துவர் சொல்லும் காலம் வரை அங்கேயே இருக்கலாம். மூச்சு வாங்கினாலோ, முகம் வீங்கினாலோ, குழந்தை வெளுத்துத் துவண்டாலோ காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்.