ஆசிரியர்கள் இணையக் குழுக்களில் கற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு காலத்தில் என் போனில் ஆசிரியர்களுக்கான வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்கள் மட்டும் 14 இருந்தன. காலையில் சுற்றறிக்கை வரும், மதியம் யாரோ தயாரித்த பயிற்சித்தாள் வரும், ராத்திரி ஒரு பிடிஎஃப் வரும், நானும் எதையும் விடாமல் சேமித்துக்கொண்டே இருந்தேன். அவற்றில் வகுப்பறைக்குள் கொண்டுபோனவை ஐந்தாறு தேறினால் அதிகம். சேமித்து வைப்பதையே கற்பது என்று நினைத்துக்கொண்டதுதான் நான் செய்த முதல் தவறு. இப்போது அறிவிப்புகளுக்கு ஒரு குழு, என் வகுப்புக்கும் பாடத்துக்கும் இரண்டு குழுக்கள், அவ்வளவுதான்.

அடுத்தது, கேள்வி கேட்கும் விதம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். "பிள்ளைங்களுக்குக் கழித்தல் வரமாட்டேங்குது, ஐடியா இருந்தா சொல்லுங்க" என்று போட்டால் பத்து வீடியோ இணைப்புகள் வந்து விழும். அனுப்பியவர்கள் மேல் தப்பில்லை, எங்கே இடிக்கிறது என்று நாம்தான் சொல்லவில்லை. அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: மூன்றாம் வகுப்பு, 503-இல் 267 போனால் எவ்வளவு என்றால் பாதிப் பேர் 364 என்று எழுதுகிறார்கள், ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்துவிடுகிறார்கள், ஆனால் 53-இல் 27 என்றால் கடன் வாங்கிச் சரியாகப் போடுகிறார்கள், நடுவில் பூஜ்ஜியம் வந்தால்தான் குழப்பம். நான் இப்படி எழுதிய அன்று வீடியோ எதுவும் வரவில்லை, ஒரு டீச்சர் மட்டும் குச்சிக் கட்டுகளை வைத்துச் செய்யச் சொன்னார். நூறு குச்சி கொண்ட கட்டு ஐந்து, தனிக் குச்சி மூன்று. ஏழு குச்சி எடுக்கச் சொன்னால் பிள்ளைகள் தேடுவார்கள், பத்துக் கட்டே கிடையாது. நூறு கட்டு ஒன்றைப் பிரித்தால் பத்துப் பத்துக் கட்டுகள் கிடைக்கும், அதில் ஒன்றைப் பிரித்தால் குச்சி கிடைக்கும், கடைசியில் மேசையில் இருப்பது 4 நூறு, 9 பத்து, 13 ஒன்று. பூஜ்ஜியத்தின் தலையில் எழுதும் அந்த 9 எங்கிருந்து வருகிறது என்பதை என் வகுப்புப் பிள்ளைகள் கையால் பிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

சரி, செய்து பார்த்தாயிற்று. இதற்கு அப்புறம்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறோம். "சூப்பர் டீச்சர்", "நன்றி சார்" என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வகுப்பில் என்ன நடந்தது என்று திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும், சரியாக வராததையும் சேர்த்து. குச்சி வைத்தும் மூன்று பேருக்குப் பிடிபடவில்லை என்று எழுதினேன். அந்த மூவருக்குப் பத்து ஒன்றுகள் சேர்ந்தால் ஒரு பத்து என்பதே உறுதியாகவில்லை, அங்கிருந்து தொடங்குங்கள் என்று இன்னொரு சார் பிடித்துச் சொன்னார். நான் அந்தத் தோல்வியை எழுதாமல் இருந்திருந்தால் அந்தப் பதில் வந்திருக்காது. நன்றாக நடந்த வகுப்புகளின் படங்கள் மட்டுமே வரும் குழுவில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் தன் வகுப்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு வாயே திறக்க மாட்டார். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அடுத்தவர் செய்ததை அப்படியே அச்செடுத்து எல்லாருக்கும் கொடுப்பதும் வேண்டாம். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் வருவதற்காகத் தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் பிரித்திருப்பதே ஒரே அறையில் மூன்று விதமான பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதால்தான். எந்த நிலைக்கானது என்று அனுப்புகிறவர் ஒரு வரி சேர்க்கலாம், எடுத்துக்கொள்பவர் செய்தவர் பெயரை விடாமல் பகிரலாம்.

இணையவழிப் பயிற்சிகளுக்கு வருவோம். மத்திய அரசு ஆசிரியர்களுக்காக 2019-இல் தொடங்கிய நிஷ்தா பயிற்சி, அடுத்த ஆண்டே அரசின் இணையக் கல்வித் தளமான திக்‌ஷா தளத்தின் வழியாக இணையத்துக்கு வந்தது. 2020 தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் தொழில்சார் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. மணிக்கணக்கு என்று வந்துவிட்டால் வீடியோவை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்க்கத் தோன்றும், வினாடி வினாவுக்கான விடைகளும் குழுவில் சுற்ற ஆரம்பிக்கும். வேலைப் பளு எனக்கும் தெரியும், அதனால் யாரையும் குறை சொல்லவில்லை. ஒரு பகுதியிலிருந்து ஒரே ஒரு செயல்பாட்டையாவது அந்த வாரமே வகுப்பில் செய்து பாருங்கள், சான்றிதழைத் தாண்டி அதுதான் கையில் நிற்கும்.

பிள்ளைகளின் படங்கள் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தப்பாக எழுதிய நோட்டைப் பெயரோடு படமெடுத்துப் போடுவது, வாசிக்கத் திணறும் பிள்ளையை வீடியோ எடுத்து "முன்னேற்றம்" என்று பகிர்வது, இரண்டுமே கூடாது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் இருக்கட்டும், நம்மை நம்பித் தப்பாக எழுதிக் காட்டிய பிள்ளை அது. பெயரை மறைத்துவிட்டுக் கணக்கை மட்டும் படமெடுத்தால் போதும், நமக்கு வேண்டிய பதில் கிடைத்துவிடும்.

இன்னொன்று, எங்கேயோ இருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைப் பக்கத்து வகுப்பு டீச்சரிடம் சொல்லாமலே இருந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். நான்காம் வகுப்பு டீச்சரும் அதே பூஜ்ஜியத்தோடு போராடிக்கொண்டிருந்தார் என்பது மதியச் சாப்பாட்டின்போது தற்செயலாகத் தெரியவந்தது. குச்சிக் கட்டுகள் இப்போது அவர் மேசையில் இருக்கின்றன, சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்கு முன்னால் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.