நேற்றைய மன்னாவை மூடி வைக்காதேங்கோ

பாலைநிலத்தில் இஸ்ரயேலருக்கு ஆண்டவர் வானத்திலிருந்து தந்த உணவான மன்னா அன்றன்றைக்குத்தான் கிடைத்தது. சிலர் விடியும்வரை எடுத்து வைத்தார்கள். அது புழுத்து நாறியது என்று விடுதலைப் பயண நூலின் 16ஆம் அதிகாரம் சொல்கிறது. எங்கள் யாழ்ப்பாணக் குடும்பங்களில் கணவன் மனைவி மனம் கசந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இடந்தான் நினைவுக்கு வரும். அநேகமாக யாரோ ஒருவர் பழையதை மூடி வைத்திருப்பார்.

முதலாவது சீதனக் கணக்கு. தருவதாகச் சொன்ன காணி, தராமல் விட்ட காசு, கலியாணத்தன்று மாமி சொன்ன ஒரு சொல், 1995 ஒக்டோபர் இடப்பெயர்வுக்குப் பிறகு சாப்பாட்டுக்காக விற்ற நகை. இவை முப்பது வருடம் கழித்தும் ஒரு சின்னச் சண்டையில் எழும்பி வரும். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி சீதனக் காணி பெண்ணுக்கே சொந்தம். ஆனால் அதை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அதனால் காணிக் கதை எடுக்கும் ஒவ்வொரு முறையும் பழைய புண்ணும் சேர்ந்து திறக்கும். காணியைப் பற்றிக் கதைக்கத்தான் வேண்டும். அந்தக் கதை இன்றைய காணியோடு நிற்கட்டும். இன்றைக்கு அவர் தேத்தண்ணியில் சீனி கூட என்று சொன்னால், பதில் சீனியைப் பற்றி இருக்கட்டும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. மன்னிப்புக் கேட்காமலே "அதெல்லாம் முடிஞ்ச கதை" என்று தட்டிவிடுவது. பாவசங்கீர்த்தனத்தில் கூட நாங்கள் பாவத்தை வாய்திறந்து சொல்லித்தான் விடுதலை பெறுகிறோம். "பொழுது சாய்வதற்குள் உங்கள் சினம் தணியட்டும்" என்று பவுல் எபேசியருக்கு எழுதியது, கோபத்தை விழுங்கிவிட்டுப் படுக்கச் சொல்லி அல்ல. அடி உதை நடக்கும் வீட்டில் "நேற்றை மறந்துவிடு" என்று ஒரு பெண்ணுக்குப் புத்தி சொல்வது பெரும் பாவம். அங்கே முதல் தேவை அவளுடைய பாதுகாப்பு.

அடுத்தது நாளைக்கென்று வாழ்வது. வீடு ஓடு போட்ட பிறகு, மகள் கம்பஸ் போன பிறகு, விசா வந்த பிறகு சந்தோசமாக இருப்போம் என்கிறோம். கணவன் கனடாவில் இருக்கும் பெண்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். இங்கே இரவு ஏழு மணி, செபமாலை நேரம். கோடைகாலத்தில் ரொறன்ரோவில் காலை ஒன்பதரை. கிடைக்கும் பதினைந்து நிமிடமும் காசு, பேப்பர், ஏஜென்சி என்று போய்விடுகிறது. ஐந்து நிமிடத்தையாவது அன்றைய நாளுக்கு விடுங்கோ. செபமாலையில் பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதியையாவது சேர்ந்து சொல்லுங்கோ. அவர் என்ன சமைத்தார் என்று கேளுங்கோ.

திட்டம் போடுவதைப் பிழை என்று நான் சொல்லவில்லை. ஓய்வுநாளுக்காக ஆண்டவர் சொன்னபடி ஆறாம் நாளில் எடுத்து வைத்த மன்னா கெட்டுப் போகவில்லை. இருவரும் செபித்து, சேர்ந்து எடுத்து வைப்பது வேறு. தனியே படுத்துக்கிடந்து நாளையை நினைத்து ஏங்குவது வேறு. "அந்தந்த நாளுக்கு அன்றன்றுள்ள தொல்லையே போதும்" என்று இயேசு சொன்னது அந்த ஏக்கத்துக்குத்தான்.

மூன்றாவது, இன்று முன்னால் நிற்பவரைக் கவனியாமல் விடுவது. அதை என் வீட்டிலிருந்தே சொல்கிறேன். ஒரு தபசுகாலத்துப் பின்னேரம் என் கணவர் முருங்கைக்காய்க் கட்டோடு வந்து குசினி வாசலில் நின்றார். "இஞ்சாரும், இண்டைக்கு ஒரு விசயம்..." என்று தொடங்கினார். நான் போனைப் பார்த்தபடியே, "கரண்ட் பில் கட்டினீங்களோ?" என்று கேட்டேன். "கட்டிட்டன்" என்றுவிட்டு முருங்கைக்காயை மேசையில் வைத்துப் போய்விட்டார். அவரோடு பதினெட்டு வருடம் வேலை செய்தவர் அன்று காலமாகியிருந்தார். மறுநாள் செத்தவீட்டு நோட்டீஸில்தான் நான் அறிந்தேன்.

திருமணத் திருவருட்சாதனத்தைக் குருவானவர் தருவதில்லை. அவர் திருச்சபையின் சாட்சி. மணமக்களே அதை ஒருவருக்கொருவர் வழங்குகிறார்கள். "இன்பத்திலும் துன்பத்திலும்" என்று அன்று பீடத்தின் முன் நான் சொன்னதை, அந்தப் பின்னேரம் குசினி வாசலில் கொடுக்கத் தவறினேன்.

அதற்குப் பிறகு செபமாலை முடிந்ததும் போன் விறாந்தை மேசைக்குப் போய்விடும். "இண்டைக்கு என்னப்பா நடந்தது?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை இருப்பேன். சில நாளில் பெரிய விசயம் ஒன்றும் இராது. நேற்று, கொடிகாமம் சந்தைக்குக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வரத் தொடங்கிவிட்டதாம்.