கல்லீரல் புற்றுநோய் ஆபத்தைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

கல்லீரலைப் பாதுகாக்க வேண்டும் என்றதும் பலரும் கீழாநெல்லிச் சாறு, டீடாக்ஸ் பானம் என்று தேட ஆரம்பிக்கிறார்கள். தொடங்க வேண்டிய இடம் ரத்தப் பரிசோதனை நிலையம். இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் பல வருடங்களாகப் புண்பட்டுத் தழும்பேறிய கல்லீரலில்தான் வருகிறது. புண்படுத்துவது வைரஸா, கொழுப்பா, குடியா என்று தெரிந்தால்தான் எந்தப் பழக்கத்தை முதலில் மாற்றுவது என்று முடிவு செய்ய முடியும்.

படி 1: வைரஸ் இருக்கிறதா என்று பாருங்கள்

கல்லீரலைத் தாக்கும் வைரஸ்களில் ஹெபடைட்டிஸ் பி-க்கு ‘ஹெச்பிஎஸ்ஏஜி’, சி-க்கு ‘ஆன்டி ஹெச்சிவி’ என்று கேட்டு, வாழ்நாளில் ஒரு முறையாவது பரிசோதித்துக்கொள்ளுங்கள். “சின்ன வயசில் காமாலை வந்தது, மருந்து குடித்தேன், போய்விட்டது” என்பவர்கள் அவசியம் செய்ய வேண்டும். கண்ணில் மஞ்சள் தெளிந்துவிட்டதால் வைரஸும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. காமாலையே வராமலும் பி வைரஸ் உடம்பில் தங்கும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றிய குழந்தைகளில் சுமார் 90 சதவீதம் பேருக்கு அது நிரந்தரமாகிவிடுகிறது.

பி இல்லையென்றால் மருத்துவரைக் கேட்டுத் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு வழக்கமாக மூன்று ஊசி: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. தைவானில் 1984-இல் குழந்தைகளுக்கு இதை ஆரம்பித்தார்கள். அந்தத் தலைமுறையில் கல்லீரல் புற்றுநோய் வெகுவாகக் குறைந்தது. புற்றுநோயைத் தடுக்கும் ஊசி கையில் இருந்தும் போடாமல் விடுவது எனக்குத் தாங்காத விஷயம்.

சி இருந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் 12 வார மாத்திரையிலேயே குணமாகிவிடும். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இரண்டு வைரஸுக்கும் சோதனையும் சிகிச்சையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். அப்புறம், சலூனில் புது பிளேடு போடச் சொல்லுங்கள். பி வைரஸ் உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடிருக்கும்.

படி 2: இன்ச் டேப்பை எடுங்கள்

கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கல்லீரலிலும் கொழுப்பு சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சர்க்கரை நோயும் இருந்தால் மருத்துவரிடம் கல்லீரலைப் பற்றித் தனியாகக் கேளுங்கள்.

உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் வீக்கமும் தணியும். 80 கிலோ இருப்பவருக்கு முதல் இலக்கு 4 கிலோ, அவ்வளவுதான். குளிர்பானத்தை நிறுத்துங்கள், தட்டில் சோற்றைக் குறைத்துப் பொரியலைக் கூட்டுங்கள், வாரம் 150 நிமிடமாவது வேகமாக நடங்கள்.

படி 3: குடியைக் கணக்குப் போடுங்கள்

“பீர்தானே” என்பவர்களுக்காக இந்தக் கணக்கு. 8 சதவீத ஸ்ட்ராங் பீர், 650 மி.லி. பாட்டிலில் சுமார் 41 கிராம் ஆல்கஹால். 30 மி.லி. விஸ்கியில் சுமார் 10 கிராம். ஒரு பாட்டில் பீர் நான்கு சின்ன பெக்குக்குச் சமம். புற்றுநோயைப் பொறுத்தவரை பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. வைரஸோ கொழுப்போ ஏற்கெனவே இருந்தால் முழுதாக விட்டுவிடுங்கள். சிகரெட், பீடியும் அப்படியே. தினமும் குடித்துப் பழகியவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்பதால் மருத்துவர் துணையோடு நிறுத்துங்கள்.

படி 4: கடலையைப் பொறுக்குங்கள்

ஈரத்தில் கிடந்த வேர்க்கடலை, மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உருவாகும். பி வைரஸ் உள்ளவர்களுக்கு இது ஆபத்தைப் பல மடங்காக்குகிறது. கடலையை முறத்தில் பரப்பி, சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை படிந்தது எல்லாவற்றையும் எறியுங்கள். வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்த நஞ்சு முழுதாகப் போகாது. “சட்னிக்கு ஆகும்” என்று ஒதுக்கி வைக்காதீர்கள்.

காபி குடிப்பவர்களுக்கு இந்தப் புற்றுநோய் குறைவாக வருவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு குடியுங்கள்.

படி 5: ஆபத்து உள்ளவர்கள் ஸ்கேனைத் தவற விடாதீர்கள்

கல்லீரல் சுருக்கம் (தழும்பேறி இறுகிப்போன கல்லீரல், சிரோசிஸ்) உள்ளவர்களும், பி வைரஸ் உள்ளவர்களில் மருத்துவர் சொல்பவர்களும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்க வேண்டும். பி வைரஸ், கல்லீரல் சுருங்காமலேயேகூடப் புற்றுநோயைக் கொண்டுவரும். ஆரம்பத்தில் வலி இருக்காது. சிறிய கட்டியாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் குணப்படுத்த வழி உண்டு. ஒரு ஸ்கேன் முடிந்ததுமே அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு வாருங்கள்.