டார்ச் ஒன்றே போதும்: மார்கஸ் கன் பாவையைக் கண்டுபிடிக்கும் முறை

ஏற்காட்டில் மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறியவர் விழுந்து புருவத்தில் அடிபட்டால், கண் வெளியே நல்லபடியாகவே தெரியலாம். ஆனால் உள்ளே பார்வை நரம்பு நசுங்கியிருக்கலாம். கண்ணின் உட்பக்கம் தெரியும் அந்த நரம்பின் முனை வெளுக்கச் சில வாரங்கள் ஆகும். பாவையோ, அதாவது கருவிழி நடுவிலுள்ள கருந்துளையோ, அன்றைக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விடுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். பாவை கூம்பி ஒருபக்கம் இழுத்தாற்போல் இருந்தால் விழி கிழிந்திருக்கக்கூடும். அழுத்தாமல் மூடி உடனே கண் மருத்துவரிடம் அனுப்புங்கள், சோதனை வேண்டாம்.

கதவைச் சாத்தி, ஜன்னலில் கம்பளி போட்டு அறையை மங்கலாக்குங்கள். “தூரத்துச் சுவரைப் பாருங்கண்ணா” என்று சொல்லுங்கள். டார்ச்சைப் பார்த்தால், கிட்டத்தில் பார்ப்பதற்காகவே பாவை சுருங்கிவிடும். அதிகம் நடக்கும் தவறு இதுதான். அதனால் வெளிச்சத்தைச் சற்றுக் கீழிருந்து அடியுங்கள்.

நல்ல கண்ணில் 3 விநாடி. சட்டென்று மூக்கைத் தாண்டி அடிபட்ட கண்ணில் 3 விநாடி. திரும்ப நல்ல கண். இப்படி நாலைந்து முறை. இரண்டிலும் ஒரே நேரம் வையுங்கள். ஒன்றில் கூடுதலாக வைத்தால் அந்த விழித்திரை களைத்து, இல்லாத குறை இருப்பதுபோல் தெரியும்.

வெளிச்சம் வந்ததும் நிகழும் முதல் அசைவைத்தான் பார்க்க வேண்டும். ஒரு கண்ணில் பட்ட ஒளி இரு பாவையையும் சேர்த்தே சுருக்கும். நரம்பு கெட்ட கண்ணிலிருந்து மூளைக்கு ஒளிச் செய்தி மங்கலாகப் போவதால், அங்கே வெளிச்சம் வந்ததும் பாவை சுருங்காமல் விரியும். இதுவே மார்கஸ் கன் பாவை. டார்ச்சை மாற்றி மாற்றி அடிக்கும் இந்த முறையை 1959இல் கண் மருத்துவர் லெவாட்டின் எழுதினார். முதலில் சுருங்கிப் பிறகு லேசாக விரிந்தால், இரு கண்ணிலும் அப்படியேதானா என்று பாருங்கள். அப்படியென்றால் அது இயல்பு.

அடிபட்டு ஒரு பாவை அசையாமல் விரிந்தே நின்றால் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். தேவையில்லை. நல்ல பக்கத்துப் பாவையை மட்டும் கவனியுங்கள். டார்ச் அடிபட்ட கண்ணுக்கு மாறும்போது அது விரிந்தால் நரம்பில் கோளாறு. சுருங்கியே இருந்தால் நரம்பு வேலை செய்கிறது.

முற்றிய கண்புரைகூட அதே கண்ணில் இந்தக் குறியை உண்டாக்காது. புரையோடு இதுவும் இருந்தால் நரம்பையோ விழித்திரையையோ சந்தேகியுங்கள். இரு கண்ணும் சமமாகக் கெட்டிருந்தால் குறி தெரியாது. ஆகவே குறி இல்லை என்பதால் மட்டும் நோயில்லை என்று அனுப்பிவிடாதீர்கள்.

குறி தெரிந்தால் எந்தக் கண், எத்தனை மணிக்குப் பார்த்தது, சொட்டு விட்டதா என்று சீட்டில் எழுதி, அன்றே சேலத்தில் கண் மருத்துவரிடம் அனுப்புங்கள்.