மோட்டார் திரை மக்கர் செய்கிறதா? ரீசெட் அடிக்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

ஜன்னல் திரை மோட்டார் மக்கர் செய்தால் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, ‘ஃபேக்டரி ரீசெட் அடி’. தயவுசெய்து அதைக் கடைசிக்கு வையுங்கள். பல மோட்டார்களில் ரீசெட் அடித்தால் இணைப்போடு மேல் லிமிட், கீழ் லிமிட் இரண்டும் சேர்ந்து அழிந்துவிடும். எங்கே நிற்பது என்று மோட்டாருக்குத் தெரியாமல், திரையின் அடிப்பட்டை மேலே போய் முட்டும். இருந்த சிக்கலோடு இன்னொன்றும் சேரும்.

ஹப் (ஆப்பின் கட்டளையைக் கருவிகளுக்குக் கடத்தும் பெட்டி), ஆப் எல்லாம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, வேறு கருவிகள் ஒழுங்காகக் கேட்கின்றன என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: ஆப்பை மூடிவிட்டு மோட்டாரில் உள்ள பொத்தானை அழுத்துங்கள்

திரை நன்றாக ஏறி இறங்கினால் மோட்டார், பேட்டரி இரண்டும் சரி. நேராகப் படி 4-க்குப் போகலாம். சத்தமே இல்லையென்றால் பெரும்பாலும் பேட்டரி. உறுமுகிறது ஆனால் நகரவில்லை, அல்லது பாதியில் நிற்கிறது என்றால் பேட்டரியாகவும் இருக்கலாம், துணி சிக்கியதாகவும் இருக்கலாம்.

‘ரிமோட்டில் வேலை செய்கிறது, ஆகவே சிக்னல் பிரச்சினை இல்லை’ என்று முடிவுகட்டாதீர்கள். நிறைய மோட்டார்களில் ரிமோட் 433 மெகாஹெர்ட்ஸில் நேராக மோட்டாரோடு பேசும். ஆப்போ ஹப் வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். இரண்டும் வேறு வேறு வழி.

படி 2: பேட்டரி சதவீதத்தை நம்பாதீர்கள்

ஆப் காட்டும் 40% என்பது பெரும்பாலும் மோட்டார் சும்மா இருக்கும்போது எடுத்த கணக்கு. துணியின் எடையை மேலே இழுக்கும்போது வோல்டேஜ் சட்டென்று விழும், மோட்டார் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். இறங்கும்போது ஒழுங்காக இறங்கி, ஏறும்போது மட்டும் திணறினால் முதல் சந்தேகம் பேட்டரி மேல்தான். முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு மறுபடி பாருங்கள்.

படி 3: துணி

ஒரு பக்கமாக ஒதுங்கிச் சுருள்கிறதா என்று பாருங்கள். முதலில் தாங்கிகள் மட்டமாக இருக்கின்றனவா என்று ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். மட்டம் சரியாக இருந்தும் ஒதுங்கினால், எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அதற்கு எதிர்ப்பக்க ஓரத்தில், உருளைக் குழாயின் மேல் சின்ன டேப் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். பெரும்பாலும் அவ்வளவுதான் வேலை.

படி 4: சிக்னல்

என்னை அதிகம் அலையவிட்டது இந்தப் படிதான்.

மோட்டாரின் தலைப்பக்கம் மெல்லிய ஒயர் ஒன்று தொங்குகிறதா? அதுதான் ஆன்டெனா. பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று அதை உலோகத் தாங்கியில் சுற்றியோ குழாய்க்குள் திணித்தோ வைத்திருந்தால் எடுத்து நேராக விடுங்கள். உலோகம் சிக்னலை விழுங்கிவிடும். அந்த ஒயரை வெட்டவே கூடாது.

அடுத்து ஹப். இது ஜிக்பீயில் (ஸ்மார்ட் கருவிகள் தங்களுக்குள் பேசும் ஒரு கம்பியில்லா முறை) ஓடும் திரைகளுக்கு. ஜிக்பீ டாங்கிளை, அதாவது ஹப்பாக வேலை செய்யும் சின்ன யுஎஸ்பி குச்சியை, கணினியின் யுஎஸ்பி 3 போர்ட்டில் நேராகச் செருகியிருக்கிறீர்களா? யுஎஸ்பி 3 எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் விழுகிறது, ஜிக்பீ பேசுவதும் அங்கேதான். ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளைத் தள்ளி வையுங்கள். விலையுயர்ந்த ஆன்டெனா வாங்குவதைவிட இதுவே மேல் என்பது என் கட்சி. வைஃபையும் அதே 2.4-இல்தான் ஓடுகிறது. வைஃபை 1, 6, 11 சேனல்களில் இருந்தால் ஜிக்பீக்கு 15, 20, 25 ஓரளவு இடைவெளி தரும். ஆனால் சேனல் மாற்றினால் பேட்டரியில் ஓடும் சில கருவிகளை மறுபடி இணைக்க வேண்டிவரும் என்பதால் அதையும் அவசரப்பட்டுச் செய்ய வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம். பேட்டரித் திரை பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருக்கும். ஹப்போடு நேராகப் பேச முடியாத தூரத்தில் இருந்தால், இடையில் மின்சாரத்தில் ஓடும் ஒரு ஜிக்பீ பல்பையோ பிளக்கையோ ‘பெற்றோராக’ பிடித்துக்கொண்டு அதன் வழியாகச் செய்தி வாங்கும். அந்தப் பல்பைச் சுவரில் உள்ள சுவிட்சில் அணைத்தால் திரை அநாதை. சில திரைகள் உடனே வேறு பெற்றோரைத் தேடும்; சில பிடிவாதமாகப் பழையதையே எதிர்பார்த்துக் கிடக்கும். ‘ராத்திரி ஒழுங்காக மூடுகிறது, காலையில் திறக்க மாட்டேன் என்கிறது’ என்றால் திரையை விட்டுவிட்டு, இடைப்பட்ட நேரத்தில் யார் எந்த விளக்கை அணைத்தார்கள் என்று பாருங்கள்.

தீர்வு: ஹப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு ஜிக்பீ ஸ்மார்ட் பிளக் போட்டு, யாரும் அணைக்காதபடி விடுங்கள். வைஃபை பிளக் வாங்கிவிடாதீர்கள், அது ஜிக்பீ செய்தியைக் கடத்தாது. பிறகு திரையை மறுபடி இணையுங்கள், அதுவும் ஜன்னலில் மாட்டியபடியே. ஹப் பக்கத்தில் வைத்து இணைத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போனால் பழைய தலைவலி திரும்பலாம். ஹோம் அசிஸ்டன்ட் (ஸ்மார்ட் கருவிகளை ஒரே இடத்தில் இயக்கும் மென்பொருள்) வைத்திருப்பவர்கள் ஜிக்பீ வரைபடத்தைத் திறந்தால், திரை எதைப் பிடித்துத் தொங்குகிறது என்று தெரியும்.

படி 5: லிமிட்

முதலில் சுழலும் திசை, அப்புறம்தான் லிமிட். பல மோட்டார்களில் திசையை மாற்றினாலே போட்ட லிமிட் போய்விடும். மேல் லிமிட்டை அடிப்பட்டை மேலே துணி சுருளும் பெட்டியில் இடிக்காத அளவு கொஞ்சம் கீழேயே வையுங்கள். லிமிட் பதிந்தால் பல மோட்டார்களில் திரை சட்டென்று ஒரு குலுக்கு குலுக்கும். அப்படிப்பட்ட மோட்டார் குலுக்கவில்லை என்றால் பதியவில்லை.

படி 6: தானியங்கி நேரம்

மோட்டாரின் சொந்த ஆப்பில் ஒரு அட்டவணை, ஹப்பில் இன்னொன்று என்று வைக்காதீர்கள். ஒன்றை அழியுங்கள். சூரிய உதயத்துக்குத் திறக்கும்படி வைத்திருந்தால் ஹப்பில் இருப்பிடமும் நேர மண்டலமும் சரியா என்று பாருங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்த சிலர் ‘சார்ஜரில் போட்டும் ஏறவில்லை’ என்றார்கள். இரு முனையும் டைப்-சி உள்ள கேபிளை மாற்றி, பழைய அகல யுஎஸ்பி முனை கொண்ட கேபிளில் போட்டுப் பாருங்கள். சில மோட்டார்களில் டைப்-சி சார்ஜர் எதிர்பார்க்கும் சின்ன மின்தடைகளை வைக்காமல் விட்டிருப்பார்கள். அதனால் அந்தச் சார்ஜர் மின்சாரமே தராது.

‘ஆப்பில் 50%, ஜன்னலில் முழுக்க மூடியிருக்கிறது’ என்று இன்னொரு கேள்வி. 433 மெகாஹெர்ட்ஸ் மோட்டார்களில் பல ஒருவழிதான். கட்டளை வாங்கும், பதில் சொல்லாது. ஆப் காட்டுவது ஊகம். ரிமோட்டில் யாராவது நகர்த்தினால் ஊகம் தப்பும். இந்த வகையில் பாதி திறப்பது போன்ற ஆசைகளை விட்டுவிட்டு முழுக்கத் திற, முழுக்க மூடு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் பார்த்தும் வழியில்லை, ரீசெட்தான் என்றால், அதற்கு முன் திரை மேலும் கீழும் நிற்கும் இடங்களை ஜன்னல் சட்டத்தில் பென்சிலால் குறித்துவிடுங்கள். மறுபடி லிமிட் போடும்போது ஏணியில் நின்றுகொண்டு உத்தேசமாகத் தேட வேண்டியிருக்காது.