டெல்டா வயல்வெளியில் 8270 ஹெர்ட்ஸைப் பிடிக்கும் முறை

மிகத்தாழ் அதிர்வெண்ணில் சோதனை செய்யும் ஐரோப்பிய அமெச்சூர் (பொழுதுபோக்கு) வானொலியினர் விரும்பிப் பயன்படுத்தும் 8270 ஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறத்தாழ 36 கிலோமீட்டர். எவ்வளவு உயரமான ஆன்டெனாவும் இதற்குச் சிறியதே என்பதால், வெளியேறும் ஆற்றல் பெரும்பாலும் சில மில்லிவாட்டோ அதற்கும் குறைவோதான். ஆகவே அந்த மெல்லிய சமிக்ஞையைப் பிடிக்கப் பெருக்கியின் வலிமையைவிட மின் இரைச்சலற்ற இடமே முக்கியம்.

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்துத் திறந்த வயல்கள் இதற்கு ஏற்றவை. ஆனால் பம்புசெட்டுக்குச் செல்லும் மின்கம்பிகளிலிருந்து இயன்றவரை விலக வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் மடங்குகள் 8250இலும் 8300இலும் நிற்க, 8270 அவற்றுக்கு இடையே விழுவது நமக்குச் சாதகம். தென்னை மரங்களின் அருகே மின்புலம் குன்றும் என்பதால், ஒரு மீட்டர் நீளச் செங்குத்துக் கம்பியை மூங்கில் கழியின் உச்சியில் வெட்டவெளியில் நிறுத்தி, அதன் அடியிலேயே மிக உயர்ந்த உள்ளீட்டு மின்மறுப்புடைய ஃபெட் (ஒருவகை டிரான்சிஸ்டர்) முன்பெருக்கியைப் பொருத்துங்கள். எர்த் கம்பியை ஈரமான வாய்க்கால் கரையில் அடிக்கலாம். முன்பெருக்கியும் லேப்டாப்பும் பேட்டரியில் இயங்கட்டும். இரண்டுக்கும் நடுவே ஓர் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் இருப்பது நல்லது.

நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் சவுண்ட் கார்டு 24 கிலோஹெர்ட்ஸ் வரை காட்டும். முதலில் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்திலுள்ள கடற்படை நிலையத்தின் 18.2 கிலோஹெர்ட்ஸ் ஒலிபரப்பைத் தேடுங்கள். நிலையம் இயங்கும் வேளையில் அது ஸ்பெக்ட்ரம் லேப் என்னும் அலைவரிசை காட்டும் மென்பொருளின் திரையில் தடித்த பட்டையாகத் தெரியாவிட்டால், கோளாறு உங்கள் கருவியில்தான்.

இனிதான் நுட்பமான வேலை. ஒரு மணி நேரப் பதிவைச் சேர்த்துக் கணக்கிட்டால் 0.28 மில்லிஹெர்ட்ஸ் அதிர்வெண் வேறுபாடு வரை பிரித்தறியலாம். ஆனால் சவுண்ட் கார்டின் கடிகாரம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே சமிக்ஞை 8 மில்லிஹெர்ட்ஸ் நகர்ந்து, அந்த உழைப்பு முழுவதும் வீணாகும். எனவே ஜிபிஎஸ் கருவி நொடிக்கொன்றாகத் தரும் துடிப்பைச் சவுண்ட் கார்டின் இரண்டாம் சேனலில் கொடுத்து, மென்பொருளைக் கொண்டு பிழையைத் திருத்துங்கள். மின்னல் துடிப்புகளை, 8270 ஹெர்ட்ஸை ஒட்டியதை மட்டும் விடும் குறுகிய வடிகட்டிக்கு முன்னரே வெட்டிவிட வேண்டும். வடிகட்டியைக் கடந்துவிட்டால் அவை நீண்டு பரவி, பிரிக்க முடியாதபடி சமிக்ஞையோடு கலந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையின் இடி ஓயாது. அப்போது கழியை நிறுத்தி வைப்பது உயிருக்கே ஆபத்து. தை, மாசி இரவுகளே தகுந்தவை.

அனுப்புபவரின் தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் நிறுத்திய பின்னும் திரையில் அதே கோடு நீடித்தால், அது அருகிலுள்ள ஏதோ ஒரு மின்கருவியின் இரைச்சலே.