ஊசி போட்ட மாட்டின் பாலை எப்போது கேனில் ஊற்றலாம்?

மடிநோய்க்கு மருத்துவர் ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டார். இனி பாலை என்ன செய்வது என்பது மட்டும்தான் இங்கே.

1. மாட்டின் பின்னங்காலில் பளிச்சென்று ஒரு பட்டை கட்டுங்கள். கழுத்தில் கட்டினால் கறக்கக் குனிந்தவர் கண்ணில் படாது.

2. மருந்தின் பெயர், கடைசி டோஸ் கொடுத்த தேதி, மணி மூன்றையும் தொழுவத்துப் பலகையில் எழுதுங்கள். கைபேசிச் செயலிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. கறப்பவர் ஒருவர், கைபேசி இன்னொருவரிடம் இருக்கும்.

3. சறுக்குகிற இடம் இதுதான். எத்தனை மணி நேரம் பாலை ஒதுக்க வேண்டும் என்று லேபிளில் இருக்கும். அதைக் கடைசி டோஸிலிருந்து, மணிக்கணக்காக எண்ண வேண்டும். திங்கள் மாலை 6 மணிக்குக் கடைசி ட்யூப் (காம்பு வழியாக மடிக்குள் செலுத்தும் மருந்து), லேபிளில் 72 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 'மூன்று நாள் ஆச்சே' என்று வியாழன் காலை 6 மணிப் பாலை ஊற்றிவிடுவார்கள். அப்போது ஆனது 60 மணி நேரம்தான். அன்று மாலை 6 மணிக்குப் பிறகு கறப்பதுதான் கணக்கில் சேரும். மருத்துவர் அளவைக் கூட்டியிருந்தால் லேபிள் கணக்கு செல்லாது, அவரிடமே கேளுங்கள்.

4. ட்யூப் ஒரு காம்பில்தான் போட்டது என்றாலும் நான்கு காம்புப் பாலையும் ஒதுக்குங்கள். மருந்து ரத்தத்தில் கலந்து மற்ற காம்புகளுக்கும் வரும். அந்த மாட்டைக் கடைசியாக, தனி வாளியில் கறங்கள். பென்சிலினுக்குச் சர்வதேச வரம்பு கிலோ பாலுக்கு 4 மைக்ரோகிராம்தான். ஒரு மாட்டின் பால் தொட்டி முழுவதையும் கெடுத்துவிடும். காய்ச்சினாலும் போகாது. தயிர் உறைகிறதே என்பதும் சோதனை ஆகாது, குறைந்த அளவு மருந்து அதில் தப்பிவிடும்.

5. சந்தேகம் இருந்தால் சோதியுங்கள். பாலில் மருந்து இருக்கிறதா என்று காட்டும் ஸ்ட்ரிப் சோதனை சில நிமிடத்தில் முடியும், ஆனால் தனக்குரிய மருந்து வகைகளை மட்டுமே காட்டும். கொடுத்த மருந்து எதுவென்று தெரியாதபோது எனக்குப் பிடித்தது, பால் மாதிரியை விட்டுப் பார்க்கும் ஊதா நிறச் சோதனைக் குப்பி. உள்ளே இருக்கும் பாக்டீரியா வளர்ந்தால் மஞ்சளாகும். மருந்து இருந்தால் ஊதாவாகவே நிற்கும். மூன்று மணி நேரம்போல ஆகும்.

பின்சேர்க்கை: கெடு முடிந்த பிறகும் ஊதாவாகவே நிற்கிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மடிநோய்ப் பாலிலும் சீம்பாலிலும் பாக்டீரியாவைத் தடுக்கும் இயற்கைப் பொருட்கள் உண்டு. மாதிரியை 80 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்கி, ஆறவிட்டு மறுபடி பாருங்கள். அப்புறம், பால் வற்றும்போது போடும் ட்யூப் வாரக்கணக்கில் மடியில் தங்கும். மாடு நாளுக்கு முன்பே கன்று ஈன்றுவிட்டால், சீம்பால் நாட்களோடு கணக்கை முடித்துவிடாதீர்கள். அந்த ட்யூப் லேபிளையும் எடுத்துப் பாருங்கள்.